மழை இரவுகளில் தூக்கம் வராதவர்களுக்கு

(மீரியபெத்த மண்சரிவு நினைவு நாளையொட்டி நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை. அங்கத்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே பிரசுரிக்கிறோம்.)



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் மீரியபெத்தையில் நடந்ததைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. பலருடைய உடல்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்காக இன்று விளக்கு ஏற்றியிருக்கிறோம். நான் கதைக்க வந்தது உயிரோடு இருப்பவர்களைப் பற்றி. அவர்களுடைய இரவுகளைப் பற்றி.

கிளினிக்குக்கு வருகிற நம்முடைய ஆட்கள் யாரும் தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலையிடி என்பார்கள். நெஞ்சு படபடக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது, மலையில் நின்று கொழுந்து எடுக்க முடியவில்லை என்பார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் கடைசியில்தான் அந்த வார்த்தை வரும். "மழை பெய்தால் கண்ணை மூட ஏலாது டொக்டர்."

இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்கள், பைத்தியம் என்று பேர் வைப்பார்கள் என்ற கவலை. சிலர் பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்து மந்திரிக்கப் போகிறார்கள். கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன், மனதுக்கு அது ஆறுதல். ஆனால் தூக்கக் கோளாறு ஒரு நோய். அதற்கு வைத்தியம் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

இது நமக்கு மட்டும் வந்ததல்ல

வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்று ஒரு கிராமம் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுடைய ஊர். சுரங்கத்தில் இருந்து வந்த கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில் குவித்து வைத்திருந்தார்கள். குவியலுக்கு அடியில் நீரூற்று இருந்தது. இது ஆபத்து என்று முன்கூட்டியே முறைப்பாடு போனது, யாரும் கவனிக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி காலை ஒன்பது மணி தாண்டியதும் அந்தக் குவியல் வழுக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள்.

33 வருடங்கள் கழித்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் உயிர் தப்பிய பிள்ளைகளை வைத்தியர்கள் தேடிப்போய்ப் பரிசோதித்தார்கள். அப்போது அவர்கள் நடுத்தர வயதை எட்டியிருந்தார்கள். பரிசோதித்தவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று பேருக்கு அந்த அதிர்ச்சியின் நோய் அப்போதும் இருந்தது. கெட்ட கனவும் தூக்கமின்மையும் இந்த நோயின் முக்கியமான அடையாளங்கள். ஆகவே வருடக்கணக்காகியும் மறக்க முடியவில்லையே என்று யாராவது உங்களைக் கேட்டால், இது மனம் வைத்தால் மறந்துவிடக்கூடிய விஷயம் இல்லை என்று சொல்லுங்கள்.

பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு, கேரளாவில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில், நம்மைப் போன்ற தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் மலை சரிந்தது. படுத்திருந்த நேரம். 70 பேர் இறந்தார்கள். மழை இரவில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிற மனிதருக்கு மூளை கெட்டுப்போகவில்லை. அவருடைய மூளை காவல் காக்கிறது. பிரச்சினை என்னவென்றால், மழை விட்ட பிறகும், பாதுகாப்பான வீட்டுக்குப் போன பிறகும் சில பேருக்கு அந்தக் காவல் நிற்பதில்லை. அங்கேதான் வைத்தியர் தேவைப்படுகிறார்.

தூக்க வைத்தியர் என்ன செய்வார்?

தூக்கத்துக்கு என்றே படித்த வைத்தியர்கள் நமது நாட்டில் குறைவு. பெரும்பாலும் மனநல வைத்தியர், நெஞ்சு நோய் வைத்தியர், நரம்பு வைத்தியர், காது மூக்கு தொண்டை வைத்தியர் ஆகியோர்தான் இந்த வேலையையும் பார்க்கிறார்கள். யார் பார்த்தாலும் முதலில் செய்வது கேள்வி கேட்பதுதான். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், இடையில் எத்தனை தடவை விழிப்பு வருகிறது, கனவு வருகிறதா, குறட்டை இருக்கிறதா, கால் இழுக்கிறதா, தேத்தண்ணி எத்தனை கோப்பை, சாராயம் உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?

பக்கத்தில் படுக்கிறவரையும் கேட்பார்கள். ஏனென்றால் தூங்குகிறவருக்குத் தன்னுடைய தூக்கம் தெரியாது. அதனால் புருஷனோ மனைவியோ பிள்ளையோ கூடப் போவது நல்லது.

போவதற்கு முன் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். படுத்த நேரம், எழும்பிய நேரம், இடையில் விழித்த தடவை, அன்று மழையா இல்லையா. எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். இந்தக் கொப்பி வைத்தியருக்கு மிகப் பெரிய உதவி. இதைப் பார்த்துத்தான் உங்களுக்கு எந்த வகை என்று பிரிப்பார்.

முதல் வகை: பயமும் கெட்ட கனவும்

பேரதிர்ச்சிக்குப் பிறகு முதல் சில கிழமைகள் தூக்கம் கெடுவது எல்லோருக்கும் வரும். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இதற்கு முதல் சிகிச்சை குளிசை இல்லை, தூங்குகிற பழக்கத்தைத் திருத்துவது. தினமும் ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். தூக்கம் வந்த பிறகுதான் படுக்க வேண்டும். படுத்து இருபது நிமிடம் போலாகியும் வரவில்லை என்றால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழும்பிவிட வேண்டும். எழும்பி வேறு அறைக்குப் போங்கள் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கிற லயத்தில் வேறு அறைக்கு எங்கே போவது? கம்பளியைச் சுற்றிக்கொண்டு இஸ்தோப்பில் உட்காருங்கள், அல்லது அடுப்பங்கரையில் உட்காருங்கள். கண் சொக்கியதும் வந்து படுங்கள். சில கிழமைகள் விடாமல் செய்தால், படுக்கை என்றால் விழித்துக் கிடக்கிற இடம் என்று பழகிப்போன மூளை மெல்ல மாறும்.

திரும்பத் திரும்ப ஒரே கெட்ட கனவு வருகிறவர்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க, அந்தக் கனவைச் சொல்ல வேண்டும். பிறகு அதன் முடிவை நீங்களே மாற்ற வேண்டும். மண் வருகிறது என்று கனவு வந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டேன், எல்லோரும் அங்கே நிற்கிறோம் என்று மாற்றலாம். மாற்றிய கனவைத் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்கும்போது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் பல நாடுகளில் பரிசோதித்துப் பார்த்த முறை இது, பலருக்குக் கனவு குறைந்திருக்கிறது. எல்லோருக்கும் இது பொருந்தாது. செய்யும்போது மனம் தாங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

சாராயம், கசிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். "குடித்தால்தான் தூக்கம் வருகிறது" என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள். குடித்தால் சீக்கிரம் கண் மூடும், அது உண்மை. ஆனால் பின்னிரவில் போதை இறங்கும்போது தூக்கம் உடைந்துபோகும், கனவு இன்னும் மோசமாகும். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்க வேண்டி வரும்.

தூக்கக் குளிசையும் கவனம். பக்கத்துக் காம்பராவில் வாங்கி விழுங்காதீர்கள். வைத்தியர் குறித்துக் கொடுத்தால், சொன்ன அளவு, சொன்ன காலம் மட்டும். நெடுநாள் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வைத்தியர் மெல்ல மெல்லக் குறைப்பார். இன்னொன்றையும் யோசியுங்கள். கக்கூசு வெளியே, படிக்கட்டு வழுக்கும், வெளிச்சம் இல்லை. குளிசை மயக்கத்தில் விழுந்து இடுப்பு முறிந்தவர்கள் உண்டு. வெளியேறச் சொல்லி நடுச்சாமத்தில் தட்டினால் குடித்தவரும் குளிசை விழுங்கியவரும் எழும்ப மாட்டார்கள்.

இரண்டாவது வகை: கால் குடைச்சல்

இது நம்முடைய பெண்களுக்கு முக்கியம். பின்னேரம் ஆனதும், படுத்ததும், காலுக்குள் எறும்பு ஊருவது போல, இழுப்பது போல இருக்கும். காலை ஆட்டினால், எழும்பி நடந்தால் குறையும். படுத்தால் திரும்ப வரும். மலை ஏறி இறங்கிய அலுப்பு என்று நினைத்து எண்ணெய் தடவுகிறோம். அலுப்பாகவும் இருக்கலாம். ஆனால் உடம்பில் இரும்புச்சத்துக் குறைவதாலும் இது வரும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகமாக வரும்.

அதனால் இப்படி இருந்தால் இரத்தம் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைவென்றால் இரும்புக் குளிசை தருவார்கள், பூச்சி மருந்தும் தரலாம், கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குறைக்கும். குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலையில் உள்ள சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் தேத்தண்ணி வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோ தோடம்பழமோ நல்லது. காலையில் ரொட்டியும் பிளேன்டீயும் என்று பழகிய நமக்கு இது கஷ்டம்தான், ஆனாலும் செய்து பாருங்கள்.

மூன்றாவது வகை: மூச்சு நிற்பது

குறட்டை என்றால் நாம் சிரிப்போம். ஆனால் பலத்த குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறவர் திடீரென்று அமைதியாகி, பத்து நொடிக்கு மேல் மூச்சில்லாமல் இருந்து, பிறகு திணறிக்கொண்டு மூச்சை இழுத்தால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கிறது. ஒரு இரவில் நூறு தடவைக்கு மேலும் இப்படி நடக்கலாம். காலையில் தலையிடி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், பிரஷர் ஏறுவது எல்லாம் இதன் அடையாளங்கள். லொறி ஓட்டுகிறவர், ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை செய்கிறவர் இதோடு இருந்தால் ஒரு நொடி கண் அயர்ந்தாலும் ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க ஒரு இரவு முழுவதும் படுக்க வைத்துப் பார்ப்பார்கள். தலையில் வயர் ஒட்டி, நெஞ்சில் பட்டி கட்டி, விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். வலிக்காது, கரண்ட் அடிக்காது. நோய் இருந்தால் உடம்பு எடையைக் குறைக்கவும், ஒருக்களித்துப் படுக்கவும், குடியை விடவும் சொல்வார்கள். கடுமையாக இருந்தால், மூக்கில் மாட்டி இரவு முழுவதும் காற்றுக் கொடுக்கிற ஒரு மெஷினைப் பாவிக்கச் சொல்வார்கள். அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் அறிமுகப்படுத்திய மெஷின் அது. அதன் விலை நமக்கு எட்டாதது. அதனால்தான் சங்கம் இதில் தலையிட வேண்டும் என்கிறேன்.

நாலாவது: இராத்திரி வேலை

ஸ்டோரில் இராத்திரி வேலை செய்கிறவர்கள் பகலில் தூங்க வேண்டியிருக்கிறது. லயத்தில் பகலில் பிள்ளைகளின் சத்தம், ரேடியோ, வெளிச்சம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள், கண்ணைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்த நேரம் வீட்டார் சத்தம் போடக் கூடாது என்று ஒரு ஒழுங்கு வையுங்கள். முறை மாற்றுகிறபோது பகல், பின்னேரம், இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஓரளவு பழகும். ஒழுங்கில்லாமல் மாற்றினால் பழகவே முடியாது. இது நிர்வாகத்தோடு கதைத்துத் தீர்க்கக்கூடிய விஷயம்.

பெண்களுடைய இராத்திரி வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பித் தண்ணி பிடித்து, சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்திப் பெரட்டுக்குப் போகிறீர்கள். இரவு பத்து, பதினொரு மணிக்குத்தான் படுக்கிறீர்கள். பெரிய ஆளுக்கு ஏழு மணித்தியாலத் தூக்கமாவது வேண்டும். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. வீட்டில் இருக்கிற ஆண்கள் ஒரு வாளி தண்ணி பிடித்தால், ஒரு சட்டி கழுவினால், அவர்களுக்கு ஒரு மணித்தியாலத் தூக்கம் கூடும்.

வைத்தியரால் செய்ய முடியாதது

இத்தனையும் சொன்னேன். ஆனால் ஆபத்தான சரிவுக்குக் கீழே படுத்திருக்கிற ஒருவர் பயத்தில் விழித்திருந்தால், அவரைத் தூங்க வைப்பது வைத்தியருடைய வேலை இல்லை. தூங்க வைக்கவும் கூடாது. அவருக்குப் பாதுகாப்பான காணியும் வீடும்தான் மருந்து.

மீரியபெத்த ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, போவதற்கு வீடு வரவில்லை. மண் சரிந்த பிறகும் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தட்டி மறைப்புக்குள் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தார்கள். 2016இல்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. வீடு கிடைத்தவர்களின் தூக்கத்துக்கு வைத்தியர் உதவலாம். இன்னமும் ஆபத்தான லயங்களில் இருக்கிறவர்களுக்கு 7 பேர்ச் காணியும் தனி வீடும் வாங்கிக் கொடுக்க நாம்தான் போராட வேண்டும்.

அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். மழை இரவில் லயத்தில் எல்லோரும் விழித்திருக்கிறோம். எல்லோரும் விழித்திருக்கத் தேவையில்லை. தோட்டக் கமிட்டி முறை போட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு இரண்டு பேர் என்று காவல் வைக்கட்டும். ஆபத்து என்றால் தட்டி எழுப்ப ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் மற்றவர்கள் படுக்கலாம். மழைமானி ஒன்று லயத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, மரம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருக்கிற ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது வற்றுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழைமானியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், மருந்து, டோர்ச் லைட் எல்லாம் ஒரு பையில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பையும் ஆயத்தம், போகிற இடமும் தெரியும் என்றால் மனம் கொஞ்சம் அடங்கும்.

சங்கத்திடம் நான் கேட்பது

முதலாவது, மனநல கிளினிக் மாதத்துக்கு ஒரு தடவையாவது தோட்டத்துக்கு வர வேண்டும். பதுளைக்குப் போய் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும், அதற்குப் பயந்தே பாதிப் பேர் போவதில்லை.

இரண்டாவது, தமிழ் தெரிந்தவர்கள் அங்கே இருக்க வேண்டும். நெஞ்சு வலியைக் கையால் தொட்டுக் காட்டலாம். கனவைக் கையால் காட்ட முடியாது. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. இது சலுகை இல்லை, உரிமை.

மூன்றாவது, கொழுந்தெடுக்கிற பெண்கள் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை. நாலாவது, ஸ்டோர் வேலை முறையை மாற்றுகிற ஒழுங்கு பற்றி நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை. ஐந்தாவது, ஆபத்தென்று அடையாளமிட்ட ஒவ்வொரு லயத்தின் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு, அங்கே இருக்கிற குடும்பங்களுக்கு எப்போது வீடு என்று எழுத்தில் பதில் வாங்குவது.

உங்களில் யாருக்காவது, இல்லை உங்கள் வீட்டில் யாருக்காவது இரவு பயமாகி, உயிர் வாழ்ந்து என்ன பயன் என்ற யோசனை வந்தால் காலம் தாழ்த்தாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ். ஒன்றும் இல்லையென்றால் மாதர் தலைவியின் கதவைத் தட்டுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவரிடம், "நீங்க ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேளுங்கள். பலர் பல வருடமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறார்கள்.